வீட்டு அட்டாரியில் மௌனப்பட ரீல் கிடைத்தால்

அமெரிக்காவில் எடுத்த முழுநீள மௌனப்படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றில் அசல் வடிவில் முழுசாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்கிறது அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு. கப்பல், கலகம், காதல் என்று ஓடிய கடல் சாகசப் படங்கள் பலவும் தொலைந்த கணக்கில் இருக்கின்றன. அப்போது இந்தியாவில் ஓடியவற்றில் பெரும்பங்கு அமெரிக்கப் படங்கள். கோவையில் டூரிங் சினிமாக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டியது 1914இல். ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரதியைத் திருப்பி அனுப்பினால் கூலிகூடத் தேறாது என்று விட்டுவிடுவது வழக்கம். கனடாவின் டாசன் நகரத்தில் 1978இல் மண்ணுக்குள்ளிருந்து 500க்கு மேல் ரீல்கள் கிடைத்ததும் அப்படித்தான். எனவே டூரிங் சினிமா நடத்திய குடும்பத்து அட்டாரியில் துருப்பிடித்த வட்டப் பெட்டியைப் பார்த்தால் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

35 மி.மீ. மௌனப்படம் என்றாலே எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன நைட்ரேட், 41 டிகிரிச் சூட்டில் தொடர்ந்து கிடந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். தண்ணீருக்குள்ளும் எரியும், புகை விஷம். சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர்ப் பக்கம் தகரக் கூரைக்கடியில் அந்தச் சூடு சாதாரணம். வெயில் ஏறுமுன் இறக்கி, ஆள் புழங்காத, காற்றோடும் தனி அறையில் வையுங்கள். தறிக்கூடம், பஞ்சு குடோன், பனியன் கழிவு கட்டிய இடம் ஆகாது. பிளாஸ்டிக்கில் சுற்றவும் வேண்டாம். வெளியேற வழியில்லாத ஆவி பிலிமை இன்னும் வேகமாகத் தின்னும்.

காலையில், திறந்த வாசலில், கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒவ்வொரு பெட்டியாகத் திறங்கள். சுத்தியலும் கிரைண்டரும் பொறி தெறிக்கும். மர ஆப்பை விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் போதும். படம் மங்கி மஞ்சளித்திருந்தாலோ, லேசாக ஒட்டினாலோ பிரதி எடுக்கலாம். தேன்போல நுரைத்திருந்தால் சில பகுதி தேறும். கட்டியாக இறுகியோ பழுப்புத் தூளாகவோ இருந்தால் தொடாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். புளித்த காடி வாசம் வந்தால் அது எளிதில் தீப்பிடிக்காத, பிற்கால அசிடேட் பிலிம்.

புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஓர ஓட்டைகளில் 60 இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் புது பாசிட்டிவில் (திரையில் ஓட்டும் பிரதியில்) 285 மி.மீ. வரும். 282க்குக் கீழே என்றால் ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டது; பல்சக்கரம் ஓட்டைகளைக் கிழித்துவிடும்.

இனி எந்தப் படம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ரீலின் வெளிச்சுற்றுதான் முதலில் அழியும் என்பதால் படத்தின் பெயர் பெரும்பாலும் கிடைக்காது. ஓரத்தில் ஈஸ்ட்மன் கோடக் அச்சிட்ட வட்டம், சதுரம், முக்கோணம் பிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும். ஆனால் அது 20 ஆண்டுக்கொரு முறை திரும்பும். 1916இன் குறியே 1936க்கும். ஒலிப்பட்டை இல்லாமல், இரண்டு ஓட்டை வரிசைக்கும் நடுவே படம் 24 மி.மீ. அகலம் நிறைந்திருந்தால் மௌனப்படம் என்று ஏறக்குறைய உறுதி. இரவுக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு ஆம்பர் என்று துண்டு துண்டாகச் சாயம் ஏற்றிச் சேர்த்திருப்பார்கள். அந்த ஒட்டுகளைப் பிரிக்காதீர்கள்.

கடல் சாகசப் படம் என்றால் கப்பலையும் புயலையும் வைத்து எந்தப் படம் என்று சொல்ல முடியாது, அந்த வகைப் படம் எல்லாவற்றிலும் அதேதான். காட்சிகளுக்கு நடுவே எழுத்து வரும் டைட்டில் கார்டுதான் சாட்சி. ஒரு பாத்திரம் முதலில் வரும் கார்டில் பாத்திரத்தின் பெயரோடு நடிகர் பெயரும் பல படங்களில் இருக்கும்; மூலையில் கம்பெனி முத்திரை இருக்கும். பின்னால் வெள்ளைத்தாளும் எல்ஈடி வெளிச்சமும் வைத்துப் போனில் படம் எடுங்கள். குண்டு பல்பு வேண்டாம். கேப்டன், கதாநாயகி, கப்பல் ஆகிய மூன்று பெயரையும் சேர்த்து மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி என்ற இணையதளத்தில் தேடுங்கள். அந்தக் காலத்துச் சினிமா வணிக இதழ்கள் அங்கே இலவசம், விமர்சனங்களில் பாத்திரப் பெயர்கள் இருக்கும். ஒரே கதையை இரண்டு மூன்று முறை எடுத்திருப்பார்கள், ஆகவே நடிகர் பெயரும் பொருந்தினால் மட்டுமே நம்புங்கள்.

போனில் எடுத்த இந்தப் படங்களைப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்கு அனுப்பி, பதில் வந்தபின் ரீலை அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள். லாரி பார்சலிலோ பஸ்ஸிலோ ஏற்றக்கூடாது. பெட்டி மேல் ஒட்டிய பழைய ரயில் சீட்டைக் கிழிக்காமல் விடுங்கள். ரீல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே தடயமாகலாம்.