வெங்காய வளையம்: மொறுமொறுப்பாக வர வேண்டுமா, முதலில் சவ்வை உரியுங்கள்

முதல் தடவை நான் வெங்காய வளையம் பொரித்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நல்ல பொன்னிறம், உப்பலான மேல்மாவு. எடுத்து ஒரு கடி கடித்தேன். உள்ளே இருந்த வெங்காயம் முழுதாக வழுக்கிக்கொண்டு வாய்க்குள் வந்துவிட்டது, கையில் மிஞ்சியது வெறும் மாவுக் கூடு. தட்டில் இருந்த மற்றதெல்லாம் ஐந்து நிமிடத்தில் நமத்துப்போனது. மாவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அடுத்த மூன்று தடவையும் மாவின் அளவையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். மாவு சரியாகத்தான் இருந்தது. வெங்காயத்தில் இருந்த தண்ணீரும், அதன் உட்பக்கம் ஒட்டியிருந்த ஒரு மெல்லிய சவ்வும்தான் காரணம் என்று பிற்பாடுதான் புரிந்தது.

வெங்காயத்தின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சூடான எண்ணெயில் போட்டதும் அது ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். மாவுக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் ஆவி சேர்ந்தால் மாவு கழன்றுகொள்ளும். பொரித்து எடுத்த பிறகும் ஆவி வந்துகொண்டே இருந்தால் மேல்மாவு ஊறிப்போகும். கீழே சொல்லியிருக்கும் வேலைகளில் முக்கால்வாசி இந்தத் தண்ணீரைச் சமாளிப்பதற்காகத்தான். இது புரிந்துவிட்டால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பயமில்லை.

தேவையானவை (மூன்று, நான்கு பேருக்கு)

பெரிய வெங்காயம் – 2, ஒவ்வொன்றும் 200 கிராம் அளவில்
மைதா – 1 கப் (125 கிராம்), புரட்டி எடுக்கத் தனியாக அரை கப்
சோள மாவு – கால் கப்
பேக்கிங் பவுடர் – 1 டீஸ்பூன்
உப்பு – முக்கால் டீஸ்பூன், மேலே தூவ இன்னும் கொஞ்சம்
மிளகாய்த்தூள் – அரை டீஸ்பூன்
இனிப்பில்லாத சோடா – முக்கால் முதல் 1 கப் வரை, நன்றாகக் குளிர்ந்தது
பொரிக்க எண்ணெய்

சோள மாவு என்றால் வெள்ளையாக, விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும் கார்ன்ஃப்ளோர். மஞ்சளான மக்காச்சோள மாவு வேறு, அது இங்கே வேண்டாம். கார்ன்ஃப்ளோர் இல்லையென்றால் அரிசி மாவு போடலாம். மைதாவில் பசைத்தன்மை தரும் குளூட்டன் இருக்கிறது, இவை இரண்டிலும் இல்லை. அதனால்தான் மேல்மாவு கடினமாகாமல் மொறுமொறுவென்று உடைகிறது.

வெங்காயத்தைத் தயார் செய்வது

உருண்டையான, கெட்டியான வெங்காயமாகப் பாருங்கள். அழுத்தினால் அமுங்குவது, முளை விட்டது எல்லாம் குழம்புக்குப் போகட்டும். இரண்டு முனைகளையும் வெட்டி, தோலை உரித்து, குறுக்காக 1 செ.மீ. கனத்தில் வில்லைகளாக நறுக்குங்கள். இதைவிட மெல்லியதாக இருந்தால் வெங்காயம் இருப்பதே தெரியாது, மாவைத்தான் தின்பீர்கள். இதைவிடத் தடித்தால் மாவு சிவந்த பிறகும் உள்ளே பச்சையாக நிற்கும். வில்லைகளை மெதுவாக அழுத்தி வளையம் வளையமாகப் பிரியுங்கள். நடுவில் இருக்கும் குட்டி வளையங்களைத் தூக்கிப் போடாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

இப்போது ஒரு வளையத்தை எடுத்து உட்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பாலிதீன் உறை போல ஒரு மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். வழவழவென்ற அந்தச் சவ்வின் மேல் மாவு பிடிக்காது. அப்படியே பிடித்தாலும் கடிக்கும்போது பல்லுக்கு அறுபடாமல் வெங்காயத்தை முழுசாக இழுத்துக்கொண்டு வருவது அதுதான். பச்சை வெங்காயத்தில் நகத்தால் உரிக்கப் பார்த்தால் துண்டு துண்டாகக் கிழியும், பொறுமை போய்விடும்.

அதற்கு ஒரு சுலபமான வழி, பிரித்த வளையங்களை ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவது. இரண்டு மணி நேரம் போதும், முந்தின நாளே வைத்தாலும் சரி. உள்ளே தண்ணீர் உறைந்து விரியும்போது வெங்காயத்தின் திசுச் சுவர்கள் உடைகின்றன. வெளியே எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் போட்டால் வளையங்கள் ஈரத்துணி மாதிரித் துவண்டு கிடக்கும். முதலில் பார்த்தபோது எல்லாம் வீணாய்ப் போச்சு என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் இப்போது உட்சவ்வின் ஓரத்தை விரலால் லேசாக நிமிண்டினால் போதும், ஒரே இழுப்பில் முழு வட்டமாகக் கழன்று வரும். பொரித்த பிறகும் வெங்காயம் மெத்தென்று, ஒரு கடியில் அறுபடும்.

ஃப்ரீசரில் வைக்க நேரமில்லையா? அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் ஊறவையுங்கள். காரநெடி குறையும். சவ்வை முடிந்த மட்டும் உரியுங்கள், மிச்சத்துக்குக் கவலைப்பட வேண்டாம்.

எந்த வழியில் செய்தாலும் கடைசியில் வளையங்களைத் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்துவிடுங்கள். அவசரப்பட்டு இதை விட்டால் மேலே செய்தது அத்தனையும் வீண். வெங்காயத்தின் மேல் உப்பும் போடாதீர்கள், போட்டால் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும்.

மாவு கரைப்பது

மைதா, சோள மாவு, பேக்கிங் பவுடர், உப்பு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் கலந்து வையுங்கள். சோடாவை இப்போது ஊற்றாதீர்கள். எண்ணெய் காய்ந்து வரும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும், முன்னாடியே கரைத்து வைத்தால் குமிழ்கள் எல்லாம் போய்விடும்.

முதலில் முக்கால் கப் சோடா ஊற்றி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள், போதும். அங்கங்கே சின்னக் கட்டிகள் நின்றால் நிற்கட்டும். ஒரு கட்டி கூட இருக்கக் கூடாதென்று அடித்துக் கலக்கினால் மைதாவில் குளூட்டன் இறுகி, மேல்மாவு ரப்பர் போல ஆகிவிடும். சோடா குளிர்ந்திருக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான், குளிர்ச்சியில் குளூட்டன் அவ்வளவு சீக்கிரம் இறுகாது.

பதம் பார்க்க, கரண்டியை மாவில் முக்கி எடுத்து அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு அப்படியே நின்றால் சரியான பதம். உடனே மூடிக்கொண்டால் நீர்த்துப்போயிருக்கிறது, ஒரு ஸ்பூன் மைதா சேருங்கள். கரண்டியில் கட்டியாக அப்பிக்கொண்டால் மீதி சோடாவில் கொஞ்சம் விடுங்கள்.

பொரிப்பது

அடி கனமான, குழிந்த வாணலியில் இரண்டு அங்குல ஆழத்துக்கு எண்ணெய் ஊற்றுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது, வளையம் விழுந்ததும் எண்ணெய் பொங்கி எழும். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் சுத்திகரித்ததாக இருந்தால் இந்தச் சூட்டில் புகையாது.

சூடு 180 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு சொட்டு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியிலேயே கிடந்தால் எண்ணெய் காயவில்லை, இப்போது போட்டால் வளையம் எண்ணெய் குடிக்கும். கொஞ்சம் இறங்கி, உடனே சலசலவென்று மேலே வந்தால் சரி. போட்ட மாத்திரத்தில் கருகினால் அடுப்பைக் குறைத்துக் காத்திருங்கள்.

தனியாக வைத்த மைதாவில் வளையத்தைப் புரட்டி, உதறிவிட்டு, கரைத்த மாவில் முக்குங்கள். கையைவிட ஒரு மூங்கில் குச்சி வசதி. வளையத்துக்குள் குச்சியை விட்டுத் தூக்கி, அதிகப்படி மாவு வடியும்வரை பிடித்திருந்து, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக எண்ணெயில் மெல்ல நழுவ விடுங்கள். மேலேயிருந்து போடக் கூடாது.

ஒரு தடவைக்கு நான்கைந்து மட்டும். ஆசைப்பட்டுப் பத்து போட்டால் சூடு சட்டென்று இறங்கிவிடும். ஒன்றரை நிமிடம் ஒரு பக்கம், திருப்பிப் போட்டு ஒரு நிமிடம். கடிகாரத்தைவிடக் காதை நம்புங்கள். ஆரம்பத்தில் சடசடவென்று கேட்பது தண்ணீர் வெளியேறும் சத்தம். அது அடங்கி, குமிழ்கள் சின்னதாகி, நிறம் பொன்னிறத்துக்கு வந்தால் ஜல்லிக்கரண்டியால் எடுத்துவிடலாம். அடுத்த ஈடு போடுவதற்கு முன் எண்ணெய் மறுபடி காயட்டும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் அடுப்பில் இருக்கும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். தப்பித்தவறி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள், பாத்திரத்தை நகர்த்த வேண்டாம்.

எடுத்த பிறகு

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். காகிதம் விரித்து அதில் குவித்தால் கீழே இருப்பவை தங்கள் ஆவியிலேயே வெந்துபோகும். கம்பி வலைத் தட்டில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள், காற்று அடியிலும் போகட்டும். சூடாக இருக்கும்போதே உப்புத் தூவினால்தான் ஒட்டும். மூடி வைக்காதீர்கள். எல்லாம் முடியும்வரை சூடு ஆறாமல் இருக்க, ஓவன் இருந்தால் 100 டிகிரியில் அந்தத் தட்டோடு உள்ளே வைக்கலாம்.

தொட்டுக்கொள்ள மயோனைஸும் தக்காளி சாஸும் சம அளவில் கலந்து, ஒரு பல் பூண்டு துருவிப் போட்டு, கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்தால் ஆயிற்று. மொறுமொறுப்பு இன்னும் தூக்கலாக வேண்டுமென்றால் மாவில் முக்கிய வளையத்தை ரொட்டித்தூளில் ஒரு புரட்டு புரட்டிப் பொரிக்கலாம். எனக்கென்னவோ ரொட்டித்தூள் இல்லாததுதான் பிடிக்கும், வெங்காயத்தின் இனிப்பு அதில்தான் தெரிகிறது.

மீந்துபோனால் ஓவனில் 200 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் ஓரளவு மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் துவண்டுவிடும். எண்ணெயை ஆறவிட்டு வடிகட்டி வைத்தால் இன்னொரு தடவை பயன்படும். நுரைத்தாலோ சிக்கு வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள், ஆனால் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், எடுத்து வைத்த குட்டி வளையங்கள். அவற்றைப் பொடியாக அரிந்து, மிச்சமிருக்கும் மாவில் கலந்து, அதே எண்ணெயில் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டு எடுங்கள். கோணல்மாணலாகத்தான் வரும், தட்டில் அடுக்க லாயக்கில்லை. அடுப்படியில் நின்றபடியே சமைத்தவர் சாப்பிட வேண்டியது அது.