மூழ்கின சம்பா முளைத்து வந்தது

எங்கள் வயல் திருவாரூர் பக்கம், தண்ணீர் தேங்கும் பள்ளமான நிலம். ஐப்பசி, கார்த்திகை மழை முன்பெல்லாம் பல நாளாகப் பரவிப் பெய்யும். இப்போது ஒரே மூச்சில் கொட்டுகிறது. இரண்டு வருடம் தொடர்ந்து சம்பா இளம்பயிர் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிட்டது. மறுநடவுக்கு நாற்றுக்கு அலைந்த வேதனையை என்னால் மறக்க முடியாது.

அப்புறம்தான் வெள்ளத்தைத் தாங்கும் நெல் ரகமான சி.ஆர். 1009 சப் 1 விதைக்கு மாறினேன். சாதாரண நெல் மூழ்கினால் மேலே வரத் துடித்து நீளும், இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்துச் சாகும். இது அடங்கி இருக்கும், சுமார் இரண்டு வாரம் தாங்கும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து வந்த குணம் இது. நம் பாரம்பரிய நெல்லின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

போன மழையில் எட்டு நாள் மூழ்கியது. வடிந்தபோது இலையெல்லாம் சேறு, மஞ்சள். மனசு உடைந்தது. ஆனால் தூரைப் பிரித்துப் பார்த்தேன், குருத்து பச்சையாக இருந்தது! ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட்டேன். பத்து நாளில் புதுத் தூர் வெடித்தது.

ஒன்று கவனியுங்கள்: பூக்கும் நேரத்தில் மூழ்கினால் இந்த ரகமும் தாங்காது. வயதும் சுமார் 155 நாள். அதனால் ஆகஸ்டிலேயே விதைத்துவிடுகிறேன், மழைக்கு முன் வடிகாலையும் வெட்டிவிடுகிறேன்.