எல்லா ‘பாரா’வும் ஒரே பாரா அல்ல

எங்கள் தெருவில் ஒரு அக்கா, எலும்பெல்லாம் வலிக்கிறது என்று ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். ரிப்போர்ட்டில் ‘பாராதைராய்டு ஹார்மோன்’ என்ற வரிக்கு எதிரே அளவு கூடுதல் என்று இருந்தது. “எனக்கும் தைராய்டு வந்துடுச்சு, தங்கச்சி போடுற மாத்திரையையே நானும் ஆரம்பிக்கட்டுமா?” என்றார். ஆரம்பிக்கும் முன் கேட்டாரே, அதுவே பெரிது. டாக்டரிடம் போனபோது வைட்டமின் டி குறைவுதான் காரணம் என்று தெரிந்தது. தைராய்டில் எந்தக் கோளாறும் இல்லை.

பாராதைராய்டு என்பது தைராய்டின் ஒரு வகை அல்ல, அதற்கு உதவியாள் சுரப்பியும் அல்ல. தைராய்டுக்குப் பின்பக்கம் ஒட்டினாற்போல், பெரும்பாலானவர்களுக்கு நான்காக, அரிசி மணி அளவில் இருக்கும் தனிச் சுரப்பிகள் அவை. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கவனிப்பது அவற்றின் வேலை. ஆங்கிலச் சொற்களின் முன்னால் ஒட்டி வரும் ‘பாரா’ என்ற கிரேக்க முன்னொட்டு இங்கே சொல்வது இடத்தை மட்டுமே: பக்கத்தில் இருப்பது.

மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பாராமிலிட்டரிக்குத் துணை ராணுவம், பாராமெடிக்கலுக்குத் துணை மருத்துவப் படிப்பு என்று நாளிதழ்களில் படித்துப் படித்து, பாரா என்றாலே ‘துணை’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. அந்த இரண்டு சொற்களுக்கும் அது பொருந்தும். ‘துணைத் தைராய்டு’ என்று எழுதினால் படிப்பவரை அந்த அக்காவின் குழப்பத்திலேயே கொண்டுபோய் விடுவோம்.

கிரேக்கத்தில் ‘பாரா’வின் அடிப்படைப் பொருள் அருகில், பக்கத்தில் என்பது. பக்கத்தில் நிற்பது சற்று விலகினால் ‘தாண்டி’, இன்னும் விலகினால் ‘மாறாக’, ‘பிசகாக’. பாராடாக்ஸ் என்ற சொல்லில் வருவது இந்த ‘மாறாக’தான். டாக்ஸா என்றால் கருத்து. எல்லோரும் ஏற்றிருக்கும் கருத்துக்கு மாறாக நிற்பது பாராடாக்ஸ். அதனால் முன்னொட்டை மட்டும் வைத்துப் பொருள் சொல்லக் கூடாது, பின்னால் வரும் பாதியையும் திறந்து பார்க்க வேண்டும்.

அப்படித் திறந்தால் நம் சொற்களே எதிரில் வந்து நிற்கும். பாரசைட் என்ற சொல்லில் சிட்டோஸ் என்றால் தானியம், உணவு. அடுத்தவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனைத்தான் கிரேக்கர்கள் முதலில் அப்படி அழைத்தார்கள். உயிரியலுக்கு அந்தச் சொல் பின்னால்தான் வந்தது. தமிழில் ஒட்டுண்ணி: ஒட்டிக்கொண்டு உண்பது. இதைவிடக் கச்சிதமான தமிழாக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

உயிரெழுத்துக்கு முன்னால் கடைசி ‘ஆ’ மறைந்து வெறும் ‘பார்’ என்றும் நிற்கும். இது பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பொன்னுக்கு வீங்கியில் வீங்குவது பரோட்டிட் சுரப்பி. பார் என்றால் பக்கத்தில், ஓட் என்றால் காது: காதுக்குப் பக்கத்தில். கன்னத்தில் வீக்கம் எங்கே தொடங்குகிறது என்று குழந்தையைத் தொட்டுப் பார்த்த அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பாராலிம்பிக்ஸ் விஷயத்தில் இன்னொரு தவறு நடக்கிறது. இரண்டு கால்களும் செயலிழந்த நிலையைக் குறிக்கும் பாராபிளீஜியாவிலிருந்து வந்த பெயர், ஆகவே பாரா என்றால் ஊனம் என்று எழுதுகிறார்கள். தொடக்கத்தில் அந்த இணைப்பு இருந்தது உண்மை. 1948-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் நடத்திய வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 16 பேர், போரில் காயம்பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர்கள். இன்று பன்னாட்டு பாராலிம்பிக் குழு தரும் விளக்கம் வேறு: ஒலிம்பிக்ஸுக்குப் பக்கத்தில், அதற்கு இணையாக நடப்பது. 2016-ல் ரியோவில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற சேலத்து மாரியப்பன் தங்கவேலுவுக்கு பாராபிளீஜியா இல்லை. சிறுவயது விபத்தில் வலது கால் நசுங்கியவர் அவர். ‘பாரா வீரர்’ என்று எழுதும்போது மனதில் ‘இணை’ என்ற பொருள் இருக்கட்டும். அது அவர்களுக்குரிய மரியாதை.

பாராசிட்டமாலில் வரும் பாரா வேதியியலுடையது. ஆறு கார்பன் வளையத்தில் நேர் எதிர் மூலைகளில் இரண்டு தொகுதிகள் அமர்ந்திருப்பதை அது குறிக்கிறது.

இனி, கிரேக்க பாராவே அல்லாதவை. பாராசூட்டில் இருப்பது ‘தடு, காத்துக்கொள்’ என்ற பொருளில் இத்தாலிய, பிரெஞ்சு வழியாக வந்த பாரா. சூட் என்றால் விழுதல். மொட்டைமாடியில் கொத்தனார் கட்டும் பாராபெட் சுவரிலும் அதே பாராதான், பெட் என்பது மார்பு. போர்வீரனின் மார்பைக் காத்த சுவர் இன்று நம் பிள்ளைகள் விழாமல் காக்கிறது. பாரடைஸ் பழைய ஈரானிய மொழியிலிருந்து கிரேக்கத்துக்குப் போன சொல். ‘சுற்றிலும் சுவர்’ என்பது அதன் பொருள், சுவர் சூழ்ந்த தோட்டம்.

பரம், பரலோகம் ஆகியவற்றில் உள்ள வடமொழிப் ‘பர’வும் கிரேக்கத்திலிருந்து வந்ததல்ல. இரண்டும் ஒரே பழைய வேரின் தூரத்து உறவுகள், ஒன்று மற்றொன்றின் பிள்ளை அல்ல.

பாராளுமன்றம் மட்டும் தனிக்கதை. இலங்கைத் தமிழில் இன்றும் அதுவே அரசுச் சொல். பார் ஆளும் மன்றம் என்று தமிழாகவே பிரியும், ஆங்கிலப் பார்லிமென்டின் ஓசையும் கூடவே கேட்கும். அதில் கிரேக்கம் ஏது என்று கேட்கலாம். பார்லிமென்ட் என்பது ‘பேசு’ என்று பொருள்படும் பிரெஞ்சு ‘பார்லே’யிலிருந்து வந்தது. பார்லே பிறந்தது பிற்கால லத்தீனின் ‘பாரபோலாரே’யிலிருந்து. அதற்கு மூலம் கிரேக்க ‘பாரபோலே’: பக்கத்தில் எறிவது, ஒன்றின் அருகே ஒன்றை வைத்து ஒப்பிடுவது. கணக்குப் பாடத்தில் பரவளையம் என்று படித்தோமே, அந்தப் பாரபோலாவும் இதே சொல்தான்.