கையில் வந்த பச்சைக் கல் செம்பு அயோடேட்தானா? சோதித்துப் பார்ப்பது எப்படி

என் அக்கா மகன் போன மாதம் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு காரைக்குடி வீட்டுக்கு வந்தான். "அம்மான், இது சேல்சைட்டுன்னு சொல்லித்தான் ஆன்லைன்ல வாங்கினேன், கொஞ்சம் பாருங்க" என்றான். சேல்சைட் என்பது செம்பு அயோடேட், அதாவது செம்போடு அயோடினும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். டப்பாவுக்குள்ளே பழுப்புக் கல், அதன்மேல் கடுகளவுகூட இல்லாத நீலப்பச்சைத் துகள்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் செம்பு சேர்ந்த கனிமங்கள் பலவும் இந்த நிறத்தில்தான் இருக்கும், நம் வீட்டுச் செம்புக் குடத்தில் ஏறும் களிம்பு உட்பட. நிறத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள்.

முதலில் கல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். சேல்சைட், இன்னொரு செம்பு அயோடேட்டான பெல்லிங்கரைட் இரண்டுமே வட சிலியின் சுக்கிகமாட்டா செம்புச் சுரங்கத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1939லும் 1940லும் அடுத்தடுத்து விவரிக்கப்பட்டவை. முதலாவதற்கு அனகோண்டா செம்புக் கம்பெனியின் தலைமை நிலவியலாளர் ரெனோ சேல்ஸின் பெயர். இரண்டாவதற்கு அந்தச் சுரங்கத்தை நடத்திய கம்பெனியின் துணைத் தலைவர் பெல்லிங்கரின் பெயர். அந்தச் சுரங்கம் இருப்பது அட்டகாமா பாலைவனத்தில். அங்கே மழை கிட்டத்தட்ட இல்லை, அதனால் தண்ணீரில் கரையக்கூடிய நைட்ரேட்டும் அயோடேட்டும் அடித்துப் போகாமல் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. அந்த அயோடேட் செம்புத் தாதுவின் மேற்பகுதியில் ஆக்சிஜனேறிய செம்போடு சேரும் இடத்தில்தான் இந்தக் கனிமங்கள் பிறக்கின்றன. நம் செட்டிநாட்டை வறண்ட சீமை என்கிறோம், ஆனாலும் சிவகங்கைப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை பெய்கிறது, முற்றத்தில் விழுந்ததைப் பிடித்தும் ஊருணியில் தேக்கியும் குடித்த ஊர் இது. அந்த மழையில் அயோடேட் நிலத்தில் தங்காது. எனவே "பக்கத்துச் செம்புறாங்கல் குழியில் எடுத்தது" என்று யாராவது கொடுத்தால் அது வேறு ஏதோ.

அடுத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். சேல்சைட் நீலப்பச்சைப் பட்டகங்களாக இருக்கும், மோஸ் அளவில் கடினம் 3, ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 4.77. பெல்லிங்கரைட் கொஞ்சம் வெளிர்ந்த பச்சை, கடினம் 4, ஒப்படர்த்தி 4.89. பச்சைச் செம்பு கார்பனேட்டான மாலக்கைட்டின் ஒப்படர்த்தி 4ஐ ஒட்டி நிற்கும். இவ்வளவு சின்னத் துகளில் எடை பார்ப்பது நடக்காத காரியம், கீறிப் பார்ப்பதும் கல்லைக் கெடுப்பதுதான், ஆகவே இந்த எண்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

சரி, சோதனை. உதிர்ந்து கிடக்கும் ஒரே துகள், குண்டூசித் தலையளவு போதும். சோதனைக் குழாயில் போட்டு நீர்த்த கந்தக அமிலம் சில துளி விடுங்கள். நுரைத்தால் கார்பனேட், அநேகமாக மாலக்கைட். அவன் கல் நுரைத்தது. பையனின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் தெரிந்துகொள்வது நல்லது. நுரைக்காவிட்டால் மட்டும் அயோடேட் என்று முடிவு கட்டாதீர்கள், புரோகன்டைட், அட்டகமைட் என்ற வேறு இரண்டு பச்சைச் செம்புக் கனிமங்களும் நுரைக்காது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அயோடேட்டைச் சோதிக்க பொட்டாசியம் அயோடைடும் கஞ்சியும் சேர்ப்பது வழக்கம், உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்கும் கிட்டிலும் இதே வேலைதான். ஆனால் கரைந்த செம்பே அயோடைடிலிருந்து அயோடினை வெளியேற்றிவிடும், மாலக்கைட் கூட நீலமாகும்! அதனால் அயோடைடு சேர்க்கவே கூடாது. அமிலத்தில் கரைந்த துகளோடு வடிகஞ்சித் தெளிவு கொஞ்சம் விட்டு, மிக நீர்த்த சோடியம் பைசல்பைட் கரைசலை ஒவ்வொரு துளியாக விடுங்கள். கல்லிலேயே அயோடேட் இருந்தால்தான் கருநீலம் வரும். அதிகமாக ஊற்றினால் வந்த நீலமும் மறைந்துவிடும், பொறுமை வேண்டும்.

கைப்பழக்கத்துக்கு ஒரு மாதிரியை நீங்களே செய்துகொள்ளலாம். மயில்துத்த (செம்பு சல்பேட்) கரைசலில் பொட்டாசியம் அயோடேட் கரைசலைச் சேர்த்தால் வெளிர் நீலப்பச்சைப் பொடி அடியில் படியும், வடிகட்டிக் கழுவி உலர்த்துங்கள். முதலில் இதில் செய்து பார்த்துவிட்டு அப்புறம் கல்லைத் தொடுங்கள்.

எனக்குப் பிடித்தது சூடுபடுத்தும் சோதனைதான். ஒரு பக்கம் மூடிய மெல்லிய கண்ணாடிக் குழாயில் துகளைப் போட்டு கேஸ் பர்னரில் காட்டுங்கள், ஸ்பிரிட் விளக்கின் சூடு போதாமல் போகலாம். முதலில் சின்னத் தண்ணீர்த் துளிகள், பிறகு ஊதா நிற ஆவி, கடைசியில் கருப்பான செம்பு ஆக்சைடு. அந்த ஊதாதான் அயோடின். மாலக்கைட்டும் கருக்கும், தண்ணீரும் விடும், ஆனால் ஊதா வராது. ஆவியை முகர வேண்டாம், சன்னலைத் திறந்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். அயோடேட் ஆக்சிஜனைக் கொடுக்கும் பொருள், எனவே கரித்தூள், சர்க்கரை, கந்தகம் எதோடும் கலந்து சூடாக்கவே கூடாது.

இன்னொன்று. நம் வீடுகளில் செம்பென்றால் உடனே புளியைத் தேடுவோம். கல்லுக்குப் புளி ஆகாது, கரைத்துவிடும், தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம். உலர்ந்த டப்பாவில் வைத்து, ஊர், சுரங்கம், வாங்கிய தேதி, செய்த சோதனை எல்லாம் எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள். அக்கா மகன் தன் டப்பாவிலும் பழைய சீட்டை எடுத்துவிட்டு "மாலக்கைட், ஊர் தெரியாது" என்று எழுதி வைத்திருக்கிறான்.