இந்தக் கிளாமர் அந்தக் கிளாமர் இல்லை

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் எங்கள் செய்தி மேசைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கொடுக்கும் சொல் இது. தமிழில் எழுதினால் இரண்டுமே 'கிளாமர்'தான். சினிமாப் பக்கத்துக் கிளாமர் ஆங்கிலத்தில் 'ஜி'யில் தொடங்கும். நான் சொல்வது 'சி'யில் தொடங்குவது. 'கடல்' என்பதில் வரும் 'க'வாக அழுத்திச் சொல்லுங்கள். அடுத்த உயிரோசை, கிரிக்கெட் பேட்டில் வருவதுதான்.

பலர் சேர்ந்து விடாமல் குரல் எழுப்பினால் அது கிளாமர். லத்தீனில் கூவுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இன்ஷூரன்ஸ் 'கிளெய்ம்' கூட அதே வேர்தான். அதனால் இந்தச் சத்தத்துக்குள் பெரும்பாலும் ஒரு கோரிக்கை இருக்கும்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் இருக்கும் ஜெர்சி, கெர்ன்சி தீவுகளில் இந்தக் கூச்சலுக்குச் சட்ட பலமே உண்டு. 'கிளாமர் த ஹரோ' என்ற, பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலிருந்து வந்த பழைய வழக்கம் அது. உங்கள் நிலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பினால், சாட்சிகள் முன் மண்டியிட்டு, 'ஹரோ! ஹரோ! ஹரோ!' என்று கூவி, எனக்கு அநியாயம் நடக்கிறது, இளவரசே காப்பாற்றும் என்று பிரெஞ்சில் முறையிட வேண்டும். நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை வேலை நின்றாக வேண்டும்.

சரி, மொழிபெயர்ப்புக்கு வருவோம். முதலில் 'கிளாமர்' என்பதற்கு அடுத்து வரும் ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள். 'ஃபார்' வந்தால் வேண்டும் என்கிறார்கள், 'அகெய்ன்ஸ்ட்' வந்தால் வேண்டாம் என்கிறார்கள். தேர்தல் சமயத்தில் செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் ஆங்கிலச் செய்தியில் 'கிளாமர் ஃபார் டிக்கெட்ஸ்' என்று வரும். அங்கே யாரும் தொண்டை கிழியக் கத்தியிருக்க மாட்டார்கள். சால்வையும் கையுமாகக் கட்சி அலுவலக வாசலில் நின்றிருப்பார்கள். 'சீட் கேட்டு நெருக்குகிறார்கள்' என்று போட்டால் போதும். 'கூச்சல்' என்று போட்டால் நாற்காலி பறந்த மாதிரி ஆகிவிடும். சந்தையைப் பற்றி வந்தால் வெறும் 'இரைச்சல்'.

இதே மாதிரி கூச்சலைச் சொல்லும் வேறு ஆங்கிலச் சொற்களும் உண்டு. 'அப்ரோர்' என்று வந்தால், அதுவும் சட்டசபைச் செய்தி என்றால், யோசிக்காமல் 'அமளி' போடலாம். 'அவுட்க்ரை' பெரும்பாலும் ஏதோ ஒரு அறிவிப்புக்குப் பின் கிளம்பும் எதிர்ப்பு. 'கடும் கண்டனம்' பொருந்தும், ஆனால் தினமும் அதையே போட்டுத் தேய்த்துவிட்டோம்.

அப்புறம் எழுத்துக்கூட்டல். பிரிட்டிஷ் வழக்கில் கடைசி 'ஆர்'க்கு முன் 'யு' வரும், அமெரிக்க வழக்கில் வராது. 'கிளாமரஸ்' என்று உரிச்சொல்லாக்கும்போது பிரிட்டிஷ்காரர்களும் அந்த 'யு'வை விட்டுவிடுவார்கள்.