புள்ளிகளை வைத்து நிரல் கற்பிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

இரண்டாம் படிவப் பிள்ளைகளுக்கு பைத்தன் நிரல்மொழியைத் தொடங்கிவைக்க அச்சுத்தூரக் கணக்கைவிட (எக்ஸ், ஒய் எண்களால் புள்ளியைக் குறிக்கும் கணக்கு) நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தூரம், நடுப்புள்ளி, சாய்வு மூன்றும் அந்த ஆண்டுக் கணிதத்திலேயே இருக்கின்றன. பித்தாகரஸ் தேற்றத்தை முதல் படிவத்திலேயே பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். எல்லாவற்றையும்விட, கணினி சொல்லும் விடை சரியா என்று கட்டத்தாளில் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வார இறுதி வகுப்புக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் நான் பார்த்தவரை, அதுதான் அவர்களுக்குத் துணிவைத் தருகிறது. சொல்லிக்கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அந்தச் சரிபார்ப்பைத்தான் கெடுக்கின்றன.

முதலில், எப்போதும் (0, 0) புள்ளியில் தொடங்கும் பழக்கம். எளிதாக இருக்கட்டும் என்றுதான் கொடுக்கிறோம். ஆனால் பூஜ்ஜியம் பிழையை மறைத்துவிடும். நடுப்புள்ளிக்கு ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள் (பைத்தன் 3-இல் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம்):

நடு = எக்ஸ்1 + எக்ஸ்2 / 2

எக்ஸ்1 பூஜ்ஜியம், எக்ஸ்2 எட்டு என்றால் விடை 4. சரியான விடை! அவளும் நீங்களும் அடுத்த கணக்குக்குப் போய்விடுவீர்கள். அதே வரிக்கு 2, 8 கொடுத்துப் பாருங்கள். 5 வரவேண்டிய இடத்தில் 6 வரும், ஏனென்றால் பைத்தன் முதலில் வகுத்துவிட்டு அப்புறம்தான் கூட்டும். அடைப்புக்குறி எதற்கு என்பதை அந்த 6 காட்டிவிடும். நாம் மணிக்கணக்கில் பேச வேண்டியதில்லை.

ஆகவே புள்ளிகளை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பூஜ்ஜியம் வேண்டாம், எக்ஸும் ஒய்யும் ஒரே எண்ணாக வேண்டாம், ஒரு கழித்தல் குறியாவது இருக்கட்டும். எனக்குப் பிடித்த ஜோடி (-2, 1), (4, 9). வித்தியாசம் 6, 8, தூரம் 10, நடுப்புள்ளி (1, 5). கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டினால் உடனே மாட்டிக்கொள்வார்கள்.

தூரத்தில் தொடங்குவதும் நல்லதல்ல. வர்க்கம், வர்க்கமூலம், அடைப்புக்குறி எல்லாம் ஒரே வரியில் வந்து விழும். வர்க்கத்துக்குப் பிள்ளைகள் ^ போடுவார்கள். பைத்தனில் 3 ^ 2 என்றால் 9 இல்லை, 1. பிழைச் செய்தியும் வராது. அது வேறு வேலைக்கான குறி, வர்க்கத்துக்கு ** 2 போடு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இரும எண் பாடத்தை இழுக்க வேண்டாம். வர்க்கமூலத்துக்கு ** 0.5 போடும்போதும் அடைப்புக்குறி விட்டுப்போகும். அ = 3, ஆ = 4 என்று வைத்து அ*அ + ஆ*ஆ ** 0.5 என்று எழுதினால் 5-க்குப் பதில் 17 வரும். நடுப்புள்ளியை முதலில் முடித்துவிட்டு, தூரத்தை நாலு வரியாகப் பிரித்து எழுதவிடுங்கள். பைத்தன் 3.8 முதல் மேத் தொகுதியில் தூரத்தைக் கணக்கிட டிஸ்ட் (math.dist) என்று ஒன்று ஆயத்தமாகவே இருக்கிறது. அதைக் கடைசியில், விடையை ஒத்துப்பார்க்க மட்டும் காட்டுங்கள்.

நிரல் ஓடும்போது தட்டச்சு செய்யும் எண்ணை இன்புட் (input) வழியாக வாங்கினால் அது எழுத்தாகத்தான் வரும். 2-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 28. தொடக்கத்தில் இன்புட்டே வேண்டாம், எண்களை நிரலிலேயே எழுதட்டும்.

சாய்வுக்கு வரும்போது நல்ல மனத்தோடு செய்யும் ஒரு தவறு உண்டு. செங்குத்துக் கோடா என்று சோதிக்கும் இஃப் (if) வரியை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். கொடுக்காதீர்கள். (5, 1), (5, 7) என்று தாருங்கள். நிரல் சீரோடிவிஷன்எரர் (பூஜ்ஜியத்தால் வகுத்த பிழை) என்று சொல்லி நிற்கட்டும். அந்தக் கோட்டைத் தாளில் வரையச் சொல்லி, “பக்கவாட்டில் எத்தனை கட்டம் நகர்ந்தாய்?” என்று கேளுங்கள்.

“நகரவே இல்ல டீச்சர், நேரா மேலதான்.”

அதற்குமேல் இஃப் எதற்கு என்று விளக்க வேண்டியிருக்காது. பக்கத்திலேயே (1, 5), (7, 5) கொடுத்துவிடுங்கள். சாய்வு 0 என்பது வேறு, சாய்வே சொல்ல முடியாதது வேறு என்று அப்போதே பதியும்.

எல்லாக் கணக்கையும் வெறும் எண்ணாகவே விடுவதும் ஒரு குறைதான். செம்பனையை முக்கோணமாக நடுவதை இந்தப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். மரத்துக்கு மரம் 9 மீட்டர் என்றால் வரிசைக்கு வரிசை சுமார் 7.8 மீட்டர். மூன்று மரங்களை (10, 5), (19, 5), (14.5, 12.8) என்று குறித்து, மூன்று பக்கமும் சமமா என்று நிரலிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 9, மற்ற இரண்டும் 9.005-ஐ ஒட்டி வரும். ‘சமமா’ என்று கேட்கும் == குறியைப் போட்டுச் சோதித்தால் சமமில்லை என்றே பதில். இங்கே தவறு கணினியுடையது அல்ல, 7.794-ஐ நாம் 7.8 ஆக்கியிருக்கிறோம். ஆனால் 0.3 / 0.1 கொடுத்தால் 3-க்குப் பதில் 2.9999999999999996 வருகிறதே, அது கணினி தசமத்தை இரும வடிவில் வைப்பதால் வருவது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக் குழப்பிவிடாதீர்கள். இரண்டுக்கும் தீர்வு என்னவோ ஒன்றுதான்: சமமா என்று கேட்காமல், வித்தியாசம் எவ்வளவு சிறியது என்று கேட்பது. மூன்று மரம் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்கும்போது சாய்வுகளை வகுத்து ஒப்பிடாமல் குறுக்குப் பெருக்கல் செய்தால் செங்குத்துக் கோட்டுச் சிக்கலும் போய்விடும்.

கைப்பேசி வரைபடத்திலிருந்து புள்ளி எடுக்கவிட்டால் ஒன்றைக் கவனியுங்கள். சுங்கை சிப்புட் அங்கே 4.82, 101.07 என்பதுபோல் வரும். முதல் எண் வடக்கு-தெற்கு, அதாவது ஒய். அப்படியே எக்ஸ் என்று போட்டால் வரைபடம் புரண்டுவிடும். அப்புறம், வரும் விடை பாகையில்தான் இருக்கும், கிலோமீட்டரில் இல்லை. ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டு திசைக்கும் அதே எண்ணால் பெருக்கலாம். வீட்டிலிருந்து பள்ளிக்கு நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்று பார்க்க அது போதும்.