சாதி வன்முறைக்குப் பின்: முதலில் வழக்கு, பிறகு சமாதானம்

மதுரை மாவட்டத்தின் மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரங்களில் பட்டியல் சாதி மக்கள் தாக்கப்பட்டால், காயம்பட்டவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே சமாதானப் பேச்சு தொடங்கிவிடுகிறது. அமைதியைத் தாக்கப்பட்டவர்களைவிட அதிகமாக விரும்புகிறவர்கள் யாரும் இல்லை. நாளையும் அதே கண்மாய்க்கரையில் நடந்து, அதே கடையில் சாமான் வாங்கி வாழ வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் புகார் பதிவாகும் முன் பேசப்படும் சமாதானம் பெரும்பாலும் அடிபட்டவரின் வாயை அடைப்பதாகவே முடிகிறது என்பதால், முதலில் வழக்கு, பிறகு பேச்சு என்ற வரிசையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையானாலும் வட்ட மருத்துவமனையானாலும், எத்தனை பேர், எதனால் தாக்கினார்கள் என்று மருத்துவரிடம் சொல்வது விபத்துப் பதிவேட்டில் ஏறும். பயத்தில் "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால், விசாரணையின்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான்.

புகார் மனுவை அவசரமாக எழுதாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 பொருந்த வேண்டுமானால், பாதிக்கப்பட்டவர் என்ன சாதி, தாக்கியவர் என்ன சாதி என்பது மனுவில் தெளிவாக இருக்க வேண்டும். "சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்" என்று பொதுவாக எழுதுவது போதாது. வாயில் வந்த சொல் எதுவோ, அதை அப்படியே மேற்கோளாக எழுத வேண்டும். கை கூசும், எழுதுகிறவருக்குத் தொண்டை அடைக்கும், ஆனாலும் எழுத வேண்டும். அந்தச் சொல் எங்கே நின்று சொல்லப்பட்டது, அப்போது அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதையும் சேருங்கள். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தியதாகக் காட்டினால்தான் அதற்குரிய பிரிவு நிற்கும்.

காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு, மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவது வழக்கம். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. இச்சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் 18ஏ பிரிவாகவே சேர்த்திருக்கிறது. பதிய மறுத்தால், மனுவின் நகலைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் இக்கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழித்தால் அவருக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பதிந்த வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்து, 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும்.

சாட்சியங்களைச் சேர்ப்பதைக் காவல்துறையிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. 2015இல் கொல்லப்பட்ட பட்டியல் சாதி இளைஞர் கோகுல்ராஜின் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. முக்கியச் சாட்சி பிறழ்ந்த நிலையில், திருச்செங்கோடு கோவிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு அவ்வழக்கைத் தாங்கியது. கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் உள்ள பதிவுகள் சில நாட்களில் அழிந்துபோகும். அவற்றைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு உடனே எழுத்தில் கேளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தவர் அதே கைப்பேசியை அப்படியே வைத்திருக்கட்டும்.

நிவாரணத் தொகைக்கு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரை அணுகலாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. வன்கொடுமைப் புகார்களுக்கான உதவி எண் 14566.

இனி சமாதானக் கூட்டம். வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ அழைத்தால் போங்கள், தனியாகப் போகாதீர்கள். பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள், ஏனென்றால் குழாயடியிலும் வயல் வேலையிலும் மிரட்டலை நேரில் சந்திப்பவர்கள் அவர்கள். கையெழுத்திடும் முன் தீர்மானத்தை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். "இரு தரப்பும் வழக்கைத் திரும்பப் பெறச் சம்மதிக்கிறோம்" என்ற வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். வன்கொடுமை வழக்கு, வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதும் காகிதத்தால் முடிவதில்லை, ஆனால் அந்தக் காகிதம் சாட்சிகளை அசைத்துவிடும். மறு தரப்பு போட்ட எதிர்வழக்கு பேரம் பேசவே பயன்படும் என்பதால் அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். பாதை, தண்ணீர், கோவில், கூலி வேலை ஆகியவற்றில் தடை இருக்காது என்பது எழுத்தில் வரட்டும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில், பட்டியல் சாதி மக்களின் பாதையை மறித்த தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே 6 அன்று. கோவிலுக்குள் சென்று வழிபட அந்த மக்களுக்கு 2011 நவம்பர் வரை ஆயிற்று. அமைதி எது என்று கேட்டால் அந்தப் பாதையும் அந்தக் கோவில் வாசலும்தான் என்பேன்.

நீதிமன்றத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவை மறவாதீர்கள். பிணை மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். வாய்தா வாய்தாவாக ஆண்டுகள் ஓடும். மதுரை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பேருந்தில் திரும்பும் வழியில் 1997இல் கொல்லப்பட்ட, பட்டியல் சாதியைச் சேர்ந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் வழக்கில், சேலத்தில் விசாரணை நடந்து 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2001இல், உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2009இல். பிறகு 2019இல் அவர்களில் 13 பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள். ஆகவே தீர்ப்பு வந்த நாளோடு கோப்பைக் கட்டி வைத்துவிடாமல், மேல்முறையீடு, பரோல், முன்விடுதலை ஒவ்வொன்றுக்கும் வழக்கறிஞர் வழியாக முன்கூட்டியே மனு கொடுத்து வாருங்கள்.